நல்ல ஆண்டு என்று சாமி சொன்ன வருடம்

சூசை, இதை நின்றுகொண்டு வாசிக்காதே, எங்கேயாவது உட்கார். பெட்டி கட்டுகிற அமளியில் "அப்பா என்னமோ எழுதியிருக்காரு, பொறகு பார்ப்போம்" என்று சட்டைப்பையில் திணித்துவிடவும் வேண்டாம். எந்தப் புத்தகத்தைக் கொடுத்தாலும் கடைசிப் பக்கத்தை முதலில் புரட்டுகிற ஆள் நீ. இன்றைக்கு மட்டும் அந்தப் புத்தியைக் கொஞ்சம் கட்டிப்போடு. வருகிற சனிக்கிழமை மாத்தளையில் ரயில் ஏறுகிறாய், பிறகு தலைமன்னாரில் இந்தியாவுக்குக் கப்பல். "நீங்களும் வாங்கப்பா, இங்க தனியாக் கெடந்து என்ன பண்ணப் போறீங்க" என்று ஆறு மாதமாக நச்சரிக்கிறாய். நானும் முட்டுவலி என்றேன், மூச்சு இரைப்பு என்றேன், அம்மாவின் கல்லறையை விட்டுவிட்டு வரமாட்டேன் என்றேன். எல்லாம் சாக்கு. முட்டுவலி உண்மைதான், ஆனால் முட்டுவலிக்காரனை யாரும் இந்தியாவுக்கு நடந்து போகச் சொல்லவில்லையே. வராததற்குக் காரணம் வேறு. அதை உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தைரியம் கிடையாது, அதனால்தான் எழுதுகிறேன்.

போன மாதம் உன் வீட்டுக்கு வந்திருந்தபோது ஜெசிக்குக் காய்ச்சல் கண்டதே, ஞாபகம் இருக்கிறதா? மூன்று வயதுப் பிள்ளை, "அப்பா, அப்பா" என்று அனத்திக்கொண்டு கிடக்கிறாள். நீ வாசலில், சைக்கிளுக்குப் பக்கத்தில், முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பெற்ற பிள்ளை கூப்பிடுகிறாள், இவன் என்ன கல்லா என்று உன்னைத் திட்ட எழுந்தேன். பாக்கியம்தான் என்னைத் தடுத்தாள். "விடுங்க மாமா. புள்ளைக்குச் சுகமில்லன்னா அவரு கிட்டயே வரமாட்டாரு. ஒரு வாய் கஞ்சி ஊட்டச் சொன்னாலும் கையப் பின்னால கட்டிக்கிறாரு. எங் கையால சாப்பிட்டா புள்ளைக்கு ஆகாதுன்னு சொல்றாரு. நானும் கேட்டுப் பார்த்துட்டேன், வாயத் தொறக்க மாட்டேங்கிறாரு" என்றாள். நான் திரும்பவும் உட்கார்ந்துவிட்டேன். அவளுக்கு விளங்காத காரணம் எனக்கு விளங்கிவிட்டது. உன் கையை அப்படி ஆக்கினவன் நான்.

கேள். உன் தங்கச்சி லூர்துவைக் கொன்றது நீ கொடுத்த திராட்சைப்பழம் இல்லை. இல்லவே இல்லை. அது எனக்கு அன்றைக்கே, அந்த நிமிடமே தெரியும். இத்தனை வருடமாகத் தெரிந்தேதான் உன்னோடு ஒரே வீட்டில் சோறு தின்றேன். எப்படித் தெரியும், ஏன் சொல்லவில்லை என்பதை இனி முதலிலிருந்து எழுதுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்.

நாலந்தாவுக்கு நாம் வந்தபோது உனக்கு ஆறு வயது, லூர்துவுக்கு இரண்டு முடிந்திருந்தது. அதற்கு முன்னே கொக்கோத் தோட்டத்துக் கூலி லயத்தில், காம்பிரா என்கிற ஒரே அறையில் கிடந்தோம், மழை பெய்தால் சட்டி பானை எல்லாவற்றையும் ஒழுக்குக்குப் பிடித்து வைத்துவிட்டு நாம் மூலையில் நிற்போம். மாத்தளை மாதா கோயிலில் குருவாக இருந்த வெளிநாட்டுச் சாமிதான் என்னைக் கூப்பிட்டு, நாலந்தாவில் கோயிலுக்கு ஒரு காணி இருக்கிறது, அதைப் பார்த்துக்கொள்கிறாயா என்று கேட்டார். ஓடு போட்ட வீடு, இரண்டு அறை, தனிக் கிணறு. உன் அம்மா அந்த வீட்டுக்குள் முதல்முதல் கால் வைத்தபோது சுவரைத் தடவித் தடவிப் பார்த்தாள். "இது நெசமா நமக்கா?" என்று கேட்டாள். நமக்கு இல்லை, வேலை இருக்கும்வரைதான் என்று நான் சொன்னேன். அதை அவள் காதில் வாங்கவில்லை. நான்தான் ஒரு நாளும் மறக்கவில்லை.

வேலை என்னவென்றால் திராட்சை வளர்ப்பது. சாமியின் ஊரில் வீட்டுக்கு வீடு திராட்சைத் தோட்டமாம், அவருடைய அப்பாவும் அதே தொழிலாம். பூசைக்கு வேண்டிய ரசத்தைக் கப்பலில் வரவழைக்காமல் இந்த மண்ணிலேயே எடுக்கவேண்டும் என்று அவருக்கு ஒரு பிடிவாதம். மாத்தளைப் பக்கம் மழை அதிகம், நாலந்தாவில் கொஞ்சம் வறண்ட நிலம், கொடி பிடிக்கும் என்று கணக்குப் போட்டார். அவர் பேசுகிற தமிழ் உனக்கு ஞாபகம் இருக்கும், பூசைப் புத்தகத்திலிருந்து இறங்கி வந்த தமிழ். முதல் நாளே என்னிடம் சொன்னார்: "பூசை ரசத்திலே சீனியை நாம் போடலாகாது. வெயில் போடவேண்டும்." எனக்கு அப்போது சிரிப்பு வந்தது. பிறகு மூன்று வருடம் அந்த ஒரு வாக்கியம்தான் என் கழுத்தைப் பிடித்தது. பழத்தில் இனிப்பு குறைந்தால் ரசம் புளித்துக் காடியாகிவிடும், காடியை வைத்துப் பூசை செய்ய முடியாது. வேறு யாரென்றாலும் ஒரு இறாத்தல் சீனியைக் கொட்டிச் சமாளிப்பார்கள். நமக்கு அந்த வழி இல்லை. வானம் என்ன கொடுக்கிறதோ அதுதான்.

அந்தக் கொடியின் குணம் உனக்குத் தெரியும், ஆனால் நான் எதைப் பார்த்துப் பைத்தியம் பிடித்தேன் என்று விளங்கவேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன். சித்திரை மழை ஓய்ந்ததும் கிளையெல்லாம் கத்தரிப்போம். வெட்டின வாயிலிருந்து தண்ணீர் சொட்டும், "அழுவுது பாருங்க" என்பாள் உன் அம்மா. ஒரு மாதத்துக்குள் துளிரும் பூவும் வரும். அந்தப் பூக்கிற வாரம் ஒரு சொட்டு மழை கூடாது, பெய்தால் பூக் கொட்டிக் குலை பல் விழுந்த வாய் மாதிரி ஓட்டையாகிவிடும். பிஞ்சு பிடித்த பிறகு காய்ந்த காற்று வேண்டும். ஈரக் காற்று அடித்தால் இலையில் வெள்ளைப் பூஞ்சணம் பூத்துவிடும், மயில்துத்தமும் சுண்ணாம்பும் கரைத்து அடித்தே ஆகவேண்டும். ஆடியில் காய் நிறம் மாறும். ஆவணி முழுக்க வெயில் எரிக்கவேண்டும், அந்தக் கடைசிப் பத்து நாள் வெயிலில்தான் இனிப்பெல்லாம் இறங்குகிறது. அந்த நேரம் பார்த்து ஒரு மழை கொட்டினால் பழம் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டு வெடித்துவிடும், மறுநாளே குளவி மொய்க்கும். அவசரப்பட்டு முன்னாலேயே பறித்தால் புளிப்பு, பிந்தினால் வெடிப்பு. இதில் வேடிக்கை என்ன தெரியுமா, ஊர் முழுக்க மிளகுக்காரர்கள். மிளகு பூக்க மழை வேண்டும். சுற்றியுள்ள அத்தனை பேரும் மழை தா, மழை தா என்று கேட்கிற நேரம் நான் ஒருத்தன் மட்டும் மழை வேண்டாம் ஆண்டவரே என்று முழங்காலில் நிற்பேன். மிளகு வாங்க லொறியில் வருகிற காசிம் நானா கேலி பண்ணுவார்: "தம்பி, நீங்க ஒரு ஆளு கேக்கிற துஆவ ஆண்டவன் கபூலாக்கினா எங்கட ஊரே பட்டினிதான்."

முதல் வருடம் பூக்கிற வாரத்திலேயே மழை பிடித்துக்கொண்டது. கிடைத்த பழம் இரண்டு கூடை. இரண்டாம் வருடம் பூ நன்றாகப் பிடித்தது, குலைகள் கை நிறையத் தொங்கின. ஆவணிக் கடைசியில், இன்னும் நாலு நாள் போகட்டும் என்று சாமி சொன்ன அன்றைக்கே மழை கொட்டி எல்லாம் வெடித்தது. அதிலும் ஒரு பீப்பாய் பிழிந்தோம், அது காடியாகி, உன் அம்மா இரண்டு வருடம் அச்சாறு போட்டாள். அந்த மார்கழியில் சாமி வந்து, என்னைப் பார்க்காமல் கொடியைப் பார்த்துக்கொண்டே சொன்னார், அடுத்த ஆண்டும் இப்படி ஆனால் மேலிடத்தில் கொடியைப் பிடுங்கச் சொல்லிவிடுவார்கள், காணியை யாருக்காவது கொடுத்துவிடுவார்கள் என்று. அவர் பாவம், வேண்டுமென்று சொல்லவில்லை. எனக்கு மட்டும் லயத்துக் காம்பிராவின் நாற்றம் மூக்கில் ஏறிவிட்டது. இந்த நாட்டுப் பிரஜாவுரிமை இல்லாத ஆள், தோட்டத்திலிருந்தும் பெயர் வெட்டிக்கொண்டு வந்தாயிற்று, திரும்பிப் போனால் யார் சேர்ப்பார்கள்? அன்றைக்குப் போய் ஒரு நேர்த்தி வைத்தேன். அடுத்த பழம் நல்லபடியாக வந்தால், முதல் ரசம் பீடத்துக்குப் போகும்வரை என் வீட்டில் யாரும் ஒரு பழம் வாயில் வைக்கமாட்டோம் என்று. சாமி கேட்கவில்லை, கடவுளும் கேட்கவில்லை. நானாகப் போட்டுக்கொண்ட சுருக்கு அது. உனக்கும் லூர்துவுக்கும் அதைச் சொல்லி, காதைத் திருகியும் வைத்தேன்.

மூன்றாம் வருடம் வந்தது. அந்த வருடத்தின் வானத்தை நாள் நாளாக இன்றைக்கும் என்னால் சொல்ல முடியும். மாசி பங்குனி பொசுக்கியது, கிணற்றில் வாளி கல்லில் இடித்தது, நீயும் நானும் ஓடையிலிருந்து தண்ணீர் சுமந்தோம். சித்திரை மழை நேரத்துக்கு வந்து நேரத்துக்குப் போய்விட்டது. பூக்கிற வாரம் காய்ந்த காற்று, வானத்தில் ஒரு பொட்டு மேகம் கிடையாது. மிளகுக்காரர்கள் வாயில் அடித்துக்கொண்டார்கள், நான் யாருக்கும் தெரியாமல் சிரித்தேன். நடுவில் ஒரு கிழமை தூறிப் பூஞ்சணம் கண்டது, மயில்துத்தம் அடித்துத் தப்பிக்க வைத்தேன். பிறகு ஆடி, ஆவணி இரண்டும் அடுப்பு. பழம் கறுத்துப் பொடி பூத்து நின்றது. கசக்கிப் பார்த்தால் விரலோடு விரல் ஒட்டியது. சாமி ஒரு பழத்தைப் பிளந்து விதையைக் காட்டி, "பச்சை மாறிப் பழுப்பாக வேண்டும். வியாழக்கிழமை பறிப்போம்" என்று சொல்லிவிட்டுக் கண்டிக்குப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வரும்போதே லூர்துவின் உடம்பு சுட்டது. ஐந்து வயது முடிந்து சில வாரம்தான். திங்கட்கிழமை காய்ச்சல் கூடியது, கொத்தமல்லி அவித்துக் கொடுத்தோம், வெளிச்சம் கண்ணைக் குத்துகிறது என்று சேலையால் முகத்தை மூடிக்கொண்டாள். செவ்வாய்க்கிழமை விடிய நான் எழுந்து வெளியே வந்து முதலில் பார்த்தது பிள்ளையை இல்லை, வானத்தை. கிழக்கே லக்கலைப் பக்கத்து மலைக்குப் பின்னால் கறுப்பாகக் கட்டியிருந்தது. காற்று நின்றுபோயிருந்தது. ஒரு பழத்தைப் பிளந்தேன், விதை பழுப்பு. வியாழன்வரை போகாது, இன்றைக்கே பறித்தாகவேண்டும் என்று தெரிந்துவிட்டது.

எட்டு மணிபோல உன் அம்மா வந்தாள். "என்னங்க, புள்ள கழுத்த மடக்க மாட்டேங்கிறா. தலையத் தூக்குனா கத்துறா. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருவோமா?" என்றாள். நான் கூடையைக் கழுவிக்கொண்டிருந்தேன். "இன்னைக்கு ஒரு பகல் பொறு. நீயும் போயிட்டா யாரு பறிக்கிறது? நாளைக்கு விடிஞ்சதும் மொத பஸ்ல போயிருவோம்" என்றேன். அவள் பிள்ளையைத் தூக்கிவந்து திராட்சைப் பந்தலுக்குக் கீழே சாக்கில் கிடத்திவிட்டுக் கூடையை எடுத்தாள். அந்த வீட்டின் சுவரை அவளும் தடவிப் பார்த்தவள்தானே. அது போகட்டும், ஒன்பது மணிக்குக் காசிம் நானாவின் லொறி வந்து நின்றது. தண்ணீர் குடிக்க உள்ளே வந்தவர் பந்தலுக்குக் கீழே சாக்கில் கிடந்த பிள்ளையைப் பார்த்துவிட்டார். "தம்பி, புள்ளட கண்ணப் பாருங்க, இது சும்மாக் காய்ச்சல் இல்ல. தூக்குங்க, நான் மாத்தளைக்குத்தான் போறேன், ஆஸ்பத்திரி வாசல்லயே எறக்கி உடுறேன்" என்றார். லொறி நின்றது, சூசை. கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றது. நான் வானத்தைப் பார்த்தேன். "பரவாயில்ல நானா, நாளைக்குப் போறோம்" என்றேன். அவர் இரண்டு தரம் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார்.

நாலு பேரில் மூன்று பேர் பறித்தோம். உனக்கு ஒன்பது வயது, பெரிய ஆள் மாதிரி கூடை சுமந்தாய். லூர்து கிடந்த இடத்திலிருந்து மேலே தொங்குகிற குலைகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்பா, ஒன்னே ஒன்னு" என்று கேட்டாள். நாக்கு வறண்டு போயிருந்தது அவளுக்கு. "ஆண்டவருக்குக் குடுத்துட்டுத்தான் நமக்கு" என்று சொல்லிவிட்டு அடுத்த கொடிக்குப் போனேன். மறுபடியும் கேட்டாள். "வாய மூடிக்கிட்டுப் படு" என்று அதட்டினேன். என் மகளோடு நான் பேசிய கடைசிப் பேச்சு அது. பன்னிரண்டு மணிக்குக் கொஞ்சம் பிந்தி, நான் கொடிக்கு அந்தப் பக்கம் நிற்கிறேன், நீ ஒரு சின்னக் குலையைச் சட்டைக்குள் ஒளித்து வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தாய். குடத்துத் தண்ணீரில் கழுவினாய், சட்டையில் துடைத்தாய், தோலை உரித்து விதையை நகத்தால் எடுத்துவிட்டு ஒவ்வொன்றாக அவள் வாயில் வைத்தாய். ஏழோ எட்டோ. நான் பார்த்தேன். பார்த்துக்கொண்டே சும்மா நின்றேன். நேர்த்தியை நான் மீறவில்லை, பிள்ளைகள் மீறினார்கள் என்று என் மனம் அந்த நேரத்திலும் கணக்குப் பார்த்தது. நான் எப்பேர்ப்பட்ட ஆள் என்று இப்போது உனக்குத் தெரியும்.

மூன்று மணிக்கு மழை இறங்கியது. அதற்குள் முக்கால்வாசிப் பழம் வீட்டுக்குள் வந்துவிட்டது, சாமியும் இல்லாமல் நானே காப்பாற்றிவிட்டேன் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டேன். பொழுது சாயும்போது பிள்ளைக்கு வலிப்பு வந்தது. ஓடைப் பாலத்துக்கு மேலே வெள்ளம், பஸ் எதுவும் வரவில்லை. விடிந்தபிறகுதான் வெள்ளம் இறங்கி, நாம் நாலு பேரும் மாத்தளை ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தோம். வழியில் அம்மாவின் மடியில் வாந்தி எடுத்தாள், சேலையெல்லாம் திராட்சைத் துணுக்கு. பத்து மணிக்கெல்லாம் பிள்ளை போய்விட்டாள்.

இனித்தான் நான் எழுத வந்த விஷயம். டாக்டர் சின்னப் பொடியன், சிங்கள ஆள், நல்லவன். கண் கலங்கியிருந்தது அவனுக்கு. மூளைக் காய்ச்சல் என்றான். ஏன் நேற்றுக் கொண்டு வரவில்லை, நேற்று வந்திருந்தால் ஊசி போட்டுக் காப்பாற்றியிருக்கலாமே என்று கேட்டான். சிங்களத்தில் நேற்றுக்கு "ஈயே" என்பார்கள். அந்த ஒரு சொல்லை அவன் மூன்று தரம் சொன்னான். எனக்கு உயிர் போய் வந்தது. பழம் தின்றாள் ஐயா, மருந்தடித்த பழம், அதனாலா என்று நானே கேட்டேன். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை, பழத்தால் ஒன்றும் ஆகவில்லை என்று தலையை ஆட்டினான். தெளிவாகச் சொன்னான், சூசை. பாதி விளங்கிற்று, பாதி விளங்கவில்லை என்று தப்பிக்க எனக்கு இடமே இல்லை. ஆனால் உன் அம்மா தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்தவள், அவளுக்குச் சிங்களம் ஒரு சொல் தெரியாது. உனக்கும் அப்போது தெரியாது. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "டாக்டரு என்ன சொன்னாரு? என்னங்க சொன்னாரு?" என்று கேட்டாள். நான் அவள் சேலையில் ஒட்டியிருந்த திராட்சைத் துணுக்கைப் பார்த்தேன். "மருந்தடிச்ச பழம் வயித்துக்குள்ள போயிருக்காம்" என்றேன்.

நான் உன்னை நினைத்துச் சொல்லவில்லை. என்மேல் விழாமல் எங்கேயாவது விழட்டும் என்று தட்டிவிட்டேன், அவ்வளவுதான். ஆனால் அவள் "யாரு குடுத்தா?" என்று கேட்டபோது, கட்டிலின் இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற நீ, ஒன்பது வயதுப் பிள்ளை, ஒரு நிமிடம்கூடத் தயங்காமல் "நான்தாம்மா" என்றாய். நான் அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. அதோடு விட்டேனா? உன் தலையில் கையை வைத்து, எல்லார் முன்னாலும், "விடு, புள்ள தெரியாமச் செஞ்சது" என்றேன். உன்னை நான் மன்னித்தேன். நான்! அடக்கத்துக்கு வந்த ஊர்ச் சனமெல்லாம், பெத்த மகளைப் பறிகொடுத்துவிட்டும் பையன்மேல் ஒரு கையை ஓங்கவில்லையே, எப்பேர்ப்பட்ட மனுசன் என்று பேசினார்கள். சாமி கண்டியிலிருந்து ஓடி வந்து உன்னைக் கட்டிக்கொண்டு அழுதார். காசிம் நானா மட்டும் என் முகத்தைப் பார்த்தபடி நின்றுவிட்டு, மண் போட்டுவிட்டுப் போனார். அதற்குப் பிறகு அவர் நம் வீட்டில் தண்ணீர் கேட்டதில்லை.

அடக்கம் காலையில். பறித்த பழம் காத்திருக்காது என்பதால் அன்று பின்னேரமே பிழிந்தோம். ஐந்து நாள் என் கை ஊதா நிறமாகவே இருந்தது. அந்த ரசம், சூசை, ஒரு சொட்டு காடியில்லாமல் அப்படியே தெளிந்து வந்தது. கிறிஸ்து பிறந்த நத்தார்ப் பூசைக்கு முன்னே சாமி ஒரு கண்ணாடியில் ஊற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அவர் அப்பா அந்தந்த வருடத்து வெயில் மழையை ரசத்திலேயே கண்டுபிடிப்பாராம். "இது நல்ல ஆண்டு" என்றார். பிறகு ஒவ்வொரு முறை அந்தப் பீப்பாயைத் திறக்கும்போதும் அதையே சொல்வார், நல்ல ஆண்டு, நல்ல ஆண்டு என்று. நான் தலையை ஆட்டிக்கொண்டு நிற்பேன். கொடியைப் பிடுங்கவில்லை. வீடு நமக்கு நிலைத்தது. எதற்காக அந்தப் பகலைக் கொடுத்தேனோ அது கிடைத்தது. ஒவ்வொரு மாதமும் அவரிடம் முழங்காலிட்டுப் பாவசங்கீர்த்தனம் செய்தபோது, கோபப்பட்டேன், பொய் சொன்னேன் என்று என் பாவத்தைச் சொன்னேன், என்ன பொய் என்று சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. கடைசியில் அவர் தன் ஊருக்கே போய்விட்டார்.

நான் இன்றைக்கும் மாத்தளைக் கடைத்தெருவுக்குப் போகப் பயப்படுகிறேன். உனக்கு அது முட்டுவலி என்று சொல்லி வைத்திருக்கிறேன். சனங்கள் ஒரு நாளைக்கு எத்தனை தரம் "ஈயே" என்கிறார்கள் தெரியுமா? ஈயே வந்தேன், ஈயே வாங்கினேன், ஈயே மழை. பஸ்ஸில் பின்னால் உட்கார்ந்திருக்கிற ஆள் சும்மா சொன்னாலும் என் பிடரியில் யாரோ கையை வைத்த மாதிரி இருக்கும். ஆவணியில் காற்று நின்றால் எழுந்து போய் அந்தப் பந்தல் இருந்த இடத்தில் நிற்பேன். கொடி பட்டுப்போய்ப் பல வருடம், அங்கே இப்போது வாழை நிற்கிறது. அப்பா, ஒன்னே ஒன்னு என்று கேட்கும். கேட்கிறது, சூசை, நான் கதை விடவில்லை. கிழவனுக்குக் காது மந்தம் என்று பாக்கியம் சிரிப்பாள், இந்தக் குரலுக்கு மட்டும் மந்தம் இல்லை.

ஆனால் எனக்கு வந்தது எனக்கு வரவேண்டியது. உனக்கு வந்ததைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அம்மா உன்னை ஒரு சொல் திட்டவில்லை, ஆனால் அன்றோடு உனக்கு ஊட்டுவதை நிறுத்தினாள். தட்டில் போட்டு உன் முன்னே வைத்துவிட்டு அடுப்படிக்குத் திரும்பிவிடுவாள். நீ உண்டு முடித்துத் தட்டைக் கழுவி, சத்தமில்லாமல் கவிழ்த்து வைப்பாய். நான் அதைப் பார்த்துக்கொண்டே பத்து வருடம் சாப்பிட்டேன். இப்போது உனக்குப் புத்தி சொல்கிற யோக்கியதை எனக்கு இல்லை, இருந்தாலும் ஒன்று சொல்கிறேன்: போகிற ஊரில் இறங்கினதும் பள்ளிக்கூடம், கடை எல்லாம் விசாரிப்பதற்கு முன்னே ஆஸ்பத்திரி எங்கே என்று கேட்டு வை. பிள்ளைக்கு உடம்பு சுட்டால் கையில் இருக்கிற வேலையை அப்படியே போட்டுவிட்டு ஓடு. அந்த வேலை போனால் போகட்டும், வீடு போனாலும் போகட்டும். ஒரு காம்பிராவில் ஒழுக்குக்குக் கீழே நாலு பேராக நின்றிருக்கலாம் நாம்.

அம்மா சாகும்போது நீ தோட்டத்து வேலையில் இருந்தாய், வந்து சேரப் பிந்திவிட்டது. கடைசி நாள் காலையில் அவளுக்கு நன்றாக நினைவு இருந்தது. என்னைக் கிட்டக் கூப்பிட்டாள். "சூசைகிட்டச் சொல்லுங்க, எனக்கு அவன்மேல கோவம் இல்லன்னு. சின்னப் புள்ள, அவனுக்கு என்ன தெரியும். நான்தான் அவன இத்தன வருசமா வாட்டிட்டேன்" என்றாள். அவள் கண்ணில் தண்ணீர் வழிந்தது. அறையில் நாங்கள் இரண்டு பேர் மட்டும்தான். சொல்வதற்கு அதைவிட நல்ல நேரம் எனக்குக் கடவுளே தரமுடியாது. வாயைத் திறந்தேன். "சரி, சொல்றேன்" என்றேன். நீ வந்ததும், "அம்மா உன்ன மன்னிச்சிட்டா" என்று சொன்னேன். நீ அவள் காலைப் பிடித்துக்கொண்டு, "பெரிய மனசும்மா ஒனக்கு" என்று அழுதாய். நான் உன் முதுகைத் தடவிக் கொடுத்தேன்.

இதனால்தான் உன்னோடு வரமாட்டேன். என் தட்டில் நீ சோறு போடுவாய், என் காலுக்குத் தைலம் தேய்ப்பாய், அதை இனி என்னால் வாங்கிக்கொள்ள முடியாது. மன்னிப்புக் கேட்டு நான் இதை எழுதவில்லை. அந்தச் சொல்லை நான் ஒரு முறை உன் தலையில் கை வைத்துக் கெடுத்துவிட்டேன், திரும்ப அதைத் தொடமாட்டேன். சனிக்கிழமை ஸ்டேஷனுக்கு வருவேன், தூரத்தில் நிற்பேன். நீ கிட்ட வரவேண்டும் என்று இல்லை.

பாக்கியத்துக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. நீ இதை வாசித்துவிட்டு உட்கார்ந்திருக்கிற இருப்பைப் பார்த்து அவள் பயந்துபோய், "மாமா என்ன எழுதியிருக்காரு?" என்று கேட்பாள். உன் குணம் எனக்குத் தெரியும். கிழவனை ஏன் காட்டிக்கொடுப்பது என்று, "ஒன்னுமில்ல, சுகம் கேட்டிருக்காரு" என்று சொல்லப் பார்ப்பாய். அப்படிச் சொல்லிவிடாதே, ராசா. இதில் இருப்பதை இருக்கிறபடியே அவளுக்கு வாசித்துக் காட்டு.